ஃபேன்டசி காற்பந்தா, பந்தயமா? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வளர்ந்த பிள்ளைகளைச் சேர்த்து, ஃபேன்டசி பிரீமியர் லீக்கில் ஒரு குழு நடத்தி வருகிறேன். ஒவ்வோர் ஆகஸ்டிலும் பருவம் தொடங்கும்போது அதே சந்தேகங்கள் திரும்ப வரும். பிள்ளைகள் புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்பார்கள். பெற்றோர் கோயில் வாசலிலும் பசியாறும் கடையிலும் பிடித்துக் கேட்பார்கள். இரண்டு தரப்பும் கேட்டதை, கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அண்ணே, ஃபேன்டசின்னா என்ன? முதல்ல அதைச் சொல்லுங்க.

நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்து நீங்களே கட்டும் கற்பனை அணி. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் நிர்வாகமே நடத்தும் இந்த ஆட்டம் 2002-இல் தொடங்கியது. சேருவதற்குக் கட்டணம் கிடையாது. 100 மில்லியன் கற்பனைப் பணம் தருவார்கள். அதற்குள் 15 பேரை வாங்க வேண்டும்: கோல் காவலர் 2, தற்காப்பு 5, மத்தியத் திடல் 5, தாக்குதல் 3. ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் எடுக்க முடியாது.

வாரம் 11 பேரை இறக்குவீர்கள். அவர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வதற்குப் புள்ளி. தாக்குதல் ஆட்டக்காரர் கோல் அடித்தால் 4, மத்தியத் திடல் 5, தற்காப்பு 6. கோலுக்கு உதவினால் 3. கோல் விடாமல் காத்தால் தற்காப்புக்கும் கோல் காவலருக்கும் 4. மஞ்சள் அட்டைக்கு 1 போகும், சிவப்புக்கு 3 போகும். ஒருவரைக் கேப்டனாக்கினால் அவர் புள்ளி இரட்டிப்பு. இப்படி 38 வாரம் ஓடும். உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஆடுகிறார்கள். அதற்குள்ளேயே நண்பர்கள் தனிக் குழு வைத்துக்கொள்ளலாம்; எங்களுடையது அப்படி ஒன்று.

அப்ப பந்தயம் கட்டுறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் பந்துதானே.

பந்தயத்தில் நீங்கள் மோதுவது விலை வைப்பவனோடு, அதாவது பந்தயம் நடத்துபவனோடு. ஃபேன்டசியில் மோதுவது பக்கத்துத் தோட்டத்துப் பையனோடு. மற்ற வித்தியாசம் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. விலை வைப்பவனுக்கு நீங்கள் யார் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நீங்கள் எவ்வளவு அடிக்கடி கட்டுகிறீர்கள் என்பது ஒன்றே அவனுக்கு முக்கியம்.

ஆட்டம் பார்க்கும் விதமும் மாறிப்போகும். ஒன்றரைப் பந்து கொடுத்துக் கட்டிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவருடைய அணி 1-0 என்று முன்னணியில் இருக்கும், 88-ஆவது நிமிடம், கடையே கைதட்டும். அவர் மட்டும் திரையை முறைத்துக்கொண்டிருப்பார். ஒன்றரைப் பந்து கொடுத்தால் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். 1-0 வந்தால் காசு போச்சு. தன் அணி ஜெயித்தும் தலையில் கை வைத்துக்கொண்டு எழுந்துபோகும் ஆளை நம் டவுனில் எந்தச் சனிக்கிழமையும் பார்க்கலாம்.

ஃபேன்டசி பார்வையை மாற்றாது என்று சொல்லமாட்டேன். யுனைடெட் ரசிகன் தன் அணியில் லிவர்பூல் ஆளை வைத்துக்கொண்டு யாருக்குக் கத்துவது என்று திண்டாடுவது உண்டு. ஆனால் அவன் அதைச் சத்தமாகச் சொல்லித் திண்டாடுவான், எல்லோரும் சேர்ந்து அவனைக் கலாய்ப்பார்கள். பந்தயம் கட்டியவர் தோற்றதை யாரிடமும் சொல்லமாட்டார்.

காசே வராத விளையாட்டுல என்ன ருசி இருக்கு? சும்மா புள்ளிக்கா இவ்வளவு மண்டையை உடைக்கிறீங்க?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் பந்தயம் கட்டிப் பழகியவர்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: முதன்முதலில் கட்டியபோது எதற்காகக் கட்டினீர்கள்? யோசித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். நண்பன் ஒருவன் “நாளைக்கு செல்சிதான்” என்றான், இவர் “இல்லை” என்றார், வாய்ச்சண்டை முற்றியது, யார் சொன்னது சரி என்று பார்க்கப் பத்து வெள்ளி (ரிங்கிட்) கட்டினார்கள். காசுக்காகத் தொடங்கியவர் குறைவு. “எனக்குப் பந்து தெரியும்” என்று நாலு பேர் முன்னால் நிரூபிக்கத்தான் தொடங்கியிருக்கிறார்கள்.

அந்த ஆசையில் தப்பு எதுவும் இல்லை. தோட்டத்தில் வளர்ந்த பையனுக்குத் தன் சொல் எடுபடும் இடங்கள் குறைவு. வேலையிடத்தில் மண்டோர் சொல்வதுதான் சட்டம், வீட்டில் அப்பா சொல்வது. பந்து விஷயத்தில் மட்டும் படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவனும் வக்கீலோடு சரிக்குச் சரி வாதாடலாம். யாருமே கவனிக்காத ஒரு தற்காப்பு ஆட்டக்காரரை 4.5 மில்லியனுக்கு எடுத்து, அவர் அந்த வாரமே கோல் அடித்து, கோலும் விடாமல் காத்தால், திங்கட்கிழமை அவன்தான் ராஜா. குழுவில் நாற்பது பேரும் அவன் பெயரைச் சொல்வார்கள். இந்த மரியாதையை எந்தப் பந்தயக் கணக்கும் கொடுத்ததில்லை. ஐந்நூறு வெள்ளி ஜெயித்தாலும் அதை ஒளித்துத்தான் வைக்க வேண்டும். தெரிந்தால் கடன் கேட்க ஆள் வரும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் குழுவில் பாதிப் பேர் இப்போது இங்கே இல்லை. தோட்டத்தில் வேலை குறைந்ததும் கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர்கள் தீபாவளிக்கு மட்டும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை “யாரை கேப்டன் போட்டே?” என்ற கேள்வி வந்துவிடும். அதிலிருந்து அம்மா உடம்பு எப்படி, அக்காவுக்கு வரன் அமைந்ததா என்று பேச்சு போகும். எனக்கு ஃபேன்டசி பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

எனக்குப் பந்து நல்லாத் தெரியும். தெரிஞ்சவன் பந்தயத்துல ஜெயிக்கலாம்ல?

கணக்கைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். நம் ஊரில் பரவலாக நடப்பது பந்து கொடுத்து வாங்கும் பந்தயம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வரும்படி அரைப் பந்து, ஒரு பந்து என்று வைத்துவிடுவார்கள். விலை 0.95 என்றால் 100 வெள்ளி கட்டி ஜெயித்தால் 95 வரும், தோற்றால் 100 போகும். அந்த 5 வெள்ளிதான் விலை வைப்பவனின் சாப்பாடு.

100 தடவை 100 வெள்ளி கட்டுகிறீர்கள், பாதி சரி, பாதி தப்பு என்று வையுங்கள். வந்தது 50 பெருக்கல் 95, அதாவது 4,750. போனது 5,000. நட்டம் 250, கட்டிய பத்தாயிரத்தில் நூற்றுக்கு இரண்டரை. கைக்காசு போகாமல் தப்பிக்கவே நூற்றுக்கு 51-க்கும் சற்று அதிகமாகச் சரியாகச் சொல்ல வேண்டும். 52 சரியாகச் சொன்னால் 140 வெள்ளி மிஞ்சும். பத்தாயிரம் வெள்ளியைப் புரட்டி, நூறு ராத்திரி தூக்கம் கெட்டு, 140 வெள்ளி. அதுவும் இரண்டு சதவிகிதம் அதிகமாகத் தெரிந்திருந்தால். காயம், பயிற்சி, வானிலை எல்லாம் பார்த்து விலை வைப்பதையே தொழிலாகச் செய்பவர்களை விட இரண்டு சதவிகிதம் அதிகமாக என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பந்து தெரிவது பாதுகாப்பு தரும் என்றால், ஆட்டக்காரர்களே முதலில் தப்பித்திருக்க வேண்டும். பிரெண்ட்ஃபோர்டின் ஐவன் டோனி 2022-23 பருவத்தில் லீக்கில் 20 கோல் அடித்தார். அதே பருவத்தின் மே மாதத்தில், பந்தய விதிகளை 232 தடவை மீறியதற்காக 8 மாதத் தடை வாங்கினார். சூதாட்டப் பழக்கம் நோயாகியிருந்தது என்று மருத்துவ நிபுணர் சொன்னதை விசாரணையில் ஏற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நியூகாசலின் சாண்ட்ரோ தொனாலிக்கு 10 மாதத் தடை. அவர்களுக்குத் தெரியாத பந்தா நமக்குத் தெரியும்?

சரி, மிக்ஸ் பார்லே? பத்து வெள்ளி போட்டா நூத்தி நாப்பது வருதே.

அதே கணக்குதான், இன்னும் மோசமாக. நாலு ஆட்டமும் சரியாக வந்தால்தான் காசு. ஒவ்வொன்றும் பாதிக்குப் பாதி என்றால், நாலும் சேர்ந்து வர 16-இல் ஒரு வாய்ப்பு. நியாயமாக 10 வெள்ளிக்கு 160 தர வேண்டும். 1.95-ஐ நாலு தடவை பெருக்கினால் 14.46, கையில் வருவது 144 வெள்ளி 60 காசு. ஒரு ஆட்டத்தில் நூற்றுக்கு இரண்டரை எடுத்தவன் இதில் ஏறக்குறைய பத்து எடுக்கிறான். மூன்று சரியாகி நாலாவது மட்டும் தப்பிய சீட்டைக் காட்டி “ஒரே ஒரு கோல்ல போச்சு” என்று சொல்லாத ஆளே கிடையாது. அந்த “ஒரே ஒரு கோல்” அடுத்த சனிக்கிழமையும் கட்ட வைக்கும்.

ஃபேன்டசியும் அதிர்ஷ்டம்தானே? மூணாவது நிமிஷம் கால் உடைஞ்சா என்ன பண்ணுவீங்க?

ஒரு வாரத்தை மட்டும் எடுத்தால் ஆமாம், பெரும்பங்கு அதிர்ஷ்டம். எங்கள் குழுவில் ஆட்டமே பார்க்காத ஒருவர் ஒரு வாரம் முதலிடம் பிடிப்பது சாதாரணம். 38 வாரம் ஓடும்போது அதிர்ஷ்டம் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்காகிவிடும்; வேலை செய்தவன் மேலே வருவான். எந்த அணிக்கு அடுத்த ஆறு ஆட்டம் இலேசு, யார் பெனால்டி அடிப்பார், யாருக்கு ஐந்தாவது மஞ்சள் அட்டை வரப்போகிறது என்று பார்ப்பதெல்லாம் வேலைதான்.

2024-25 பருவத்தில் முகமது சாலா 344 புள்ளி எடுத்தார், ஃபேன்டசி வரலாற்றிலேயே ஓர் ஆட்டக்காரர் எடுத்த அதிகபட்சம். அவர் நல்லவர் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 12.5 மில்லியனை ஒரே ஆளுக்குக் கொடுத்துவிட்டு மீதி 14 பேரை எப்படி ஒப்பேற்றுவது என்பதில்தான் திறமை தெரிந்தது. சம்பளம் வாங்கியதும் மளிகைக்கும் பள்ளிச் செலவுக்கும் பிரிக்கிற அம்மாமார்கள் இதில் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள் என்று நான் எப்போதும் சொல்வேன்.

தம்பி, எனக்குப் பந்தே தெரியாது. நானும் சேரலாமா?

தாராளமாக, அக்கா. எங்கள் குழுவில் இரண்டு அம்மாக்கள் இருக்கிறார்கள். ஒருவர் மகன் என்ன பேசுகிறான் என்று புரிந்துகொள்ளச் சேர்ந்தார். இப்போது மகனை விட மேலே இருக்கிறார்.

என் மகன் படிவம் நாலு. ராத்திரி ரெண்டு மணிக்கு கைப்பேசியும் கையுமா இருக்கான். கேட்டா ஃபேன்டசிங்கறான். நம்பலாமா?

நேரத்தை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம், அக்கா. ஃபேன்டசியில் அணியை மாற்றக் கடைசி நேரம், அந்த வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். பெரும்பாலான வாரங்களில் நம் நேரப்படி சனிக்கிழமை மாலை 6 மணி. அக்டோபர் கடைசியில் இங்கிலாந்தில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியபின் 7 மணி. வெள்ளிக்கிழமை ஆட்டம் இருந்தால் மட்டும் கெடு பின்னிரவுக்குப் போகும், அதற்கும் மாலையிலேயே அணியைப் போட்டுவிட்டுத் தூங்கலாம். கெடு முடிந்தபின் விரலை அசைக்க ஒன்றுமே இல்லை. ஆட்டம் பார்க்கலாம், புள்ளி பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே ஞாயிறு பின்னிரவில், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, நிமிடத்துக்கு ஒருமுறை எதையோ அழுத்திக்கொண்டிருந்தால் அது ஃபேன்டசி கிடையாது. ஆட்டம் ஓடும்போதே கட்டும் பந்தயம் அப்படித்தான் இருக்கும்: அடுத்த கார்னர் யாருக்கு, அடுத்த கோல் எப்போது. இன்னும் சில அடையாளங்கள்: தெரியாத ஐரோப்பிய இரண்டாம் பிரிவு ஆட்டங்கள் மேல் திடீர் அக்கறை, மின்பணப்பையில் சின்னச் சின்னத் தொகை போய்வருவது, நம்மைக் கண்டதும் திரையைத் திருப்புவது. திட்டுவதற்கு முன்னால் “உன் அணியைக் காட்டு” என்று கேளுங்கள். ஃபேன்டசி ஆடும் பையன் மகிழ்ச்சியாகக் காட்டுவான். அரை மணி நேரம் நிறுத்தமாட்டான்.

நம்பர் கடை மட்டும் சட்டப்படி இருக்கு. பந்துல கட்டினா மட்டும் ஏன் குற்றம்?

நாலு இலக்க எண்ணுக்குப் பரிசு தரும் நம்பர் கடைகளுக்கு அரசு உரிமம் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் டோட்டோவையே 1969-இல் அரசுதான் தொடங்கி, பின்னர் 1985-இல் தனியாருக்குக் கொடுத்தது. காற்பந்துப் பந்தயத்துக்கு இன்று அப்படி உரிமம் பெற்ற கடை நாட்டில் இல்லை. 2010 உலகக் கிண்ணத்தின்போது உரிமம் கொடுக்கும் பேச்சு வந்து, பலத்த எதிர்ப்புக்குப் பின் அரசு அதைக் கைவிட்டது. 1953-ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டத்தின் கீழ், பந்தயம் நடத்துபவருக்கு 20,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. கட்டுவதும் குற்றம்தான். உலகக் கிண்ணம் வந்தால் போலீஸ் ‘ஓப் சோகா’ என்று தனியாகவே இறங்குவது இதற்காகத்தான்.

நம்பரை நான் நியாயப்படுத்தவில்லை. ஒரு வெள்ளிக்கு ‘பெரிசு’ என்ற வகையில் எண் எடுத்தால் முதல் பரிசு 2,500. விழும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. இரண்டாம், மூன்றாம் பரிசு, சிறப்பு, ஆறுதல் எல்லாம் கூட்டினாலும் பத்தாயிரம் வெள்ளிக்கு 6,400 தான் திரும்புகிறது. பந்தயத்தில் 100-க்கு இரண்டரை எடுப்பவனைப் பார்த்தோம், இங்கே 36. அப்படியிருந்தும் நம்பரால் வீடு போனவரை விடப் பந்தால் வீடு போனவரை நான் அதிகம் பார்க்கிறேன். காரணம் வேகம். நம்பர் வாரத்துக்கு மூன்று நாலு தடவை, ரொக்கம் கொடுத்தால்தான் சீட்டு. பந்து நாள் முழுக்க, அதுவும் கடனில்.

கடன்ல கட்டலாம்ங்கறதுதானே வசதி? கையில காசு இல்லாட்டியும் ஏஜெண்டு கணக்கு திறந்து தர்றாரே.

ஆள் விழும் குழி அதுதான். ஏஜெண்டு இரண்டாயிரம் வெள்ளி கிரெடிட் போட்டுத் தருவார். கையை விட்டுக் காசு போவது கண்ணில் தெரியாது, திரையில் எண் மட்டும் குறையும். திங்கட்கிழமை கணக்கு முடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 1,400 கீழே இருப்பவன், மீதி 600-ஐ வைத்து எல்லாவற்றையும் மீட்கலாம் என்று ஏதோ ஒரு நாட்டு ஆட்டத்தில் மொத்தமாகப் போடுவான். அவனுக்கு அந்த இரண்டு அணியின் பெயரும் தெரியாது. “எனக்குப் பந்து தெரியும்” என்று தொடங்கியவன் வந்து நிற்கும் இடம் இது.

செவ்வாய்க்கிழமை ஆலோங், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரன், வருவான். இன்னொரு வகையும் இப்போது அதிகமாகிவிட்டது: “கட்ட முடியாட்டி பரவாயில்லை, உன் வங்கி அட்டையைக் கொடு” என்பார்கள். கொடுத்தால் உங்கள் கணக்கு வழியாக யார் யாருடைய பணமோ போகும். ‘அக்காவுன் கெல்டாய்’ என்று போலீஸ் பிடிப்பது அட்டைக்குச் சொந்தக்காரரைத்தான். அட்டையை யாருக்கும், எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள், தம்பிகளே. காலில் விழுந்து கேட்கிறேன்.

ஜெயித்தாலும் நிலைமை அதேதான். பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று நம் சிவில் சட்டம் 1956 சொல்கிறது. ஏஜெண்டு தராமல் ஓடிவிட்டால் எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது.

குற்றம்னா பிரீமியர் லீக் சட்டையிலேயே பந்தய கம்பெனி பேரு ஏன் போட்டிருக்கு?

பிரிட்டனில் உரிமத்தோடு நடத்தலாம், அதனால். அங்கேயே இது அதிகமாகிவிட்டது என்று 2023 ஏப்ரலில் கிளப்புகள் கூடி, 2025-26 பருவம் முடிந்தபின் சட்டையின் முன்பக்கத்தில் பந்தய நிறுவனப் பெயர் இருக்காது என்று முடிவெடுத்தன. அந்தப் பெயர்களில் பல நம் பக்கத்து மக்களைக் குறிவைத்தவை என்பதையும் கவனியுங்கள். சட்டையை மகனுக்கு வாங்கும் பெற்றோர் விளம்பரம் இல்லாத சிறுவர் சட்டையைக் கேட்டு வாங்கலாம்.

நாங்க பத்து பேர், ஆளுக்கு 50 வெள்ளி போட்டு லீக் நடத்தப் போறோம். அதுல என்ன தப்பு?

என் குழுவில் நான் அனுமதிப்பதில்லை. 50 வெள்ளியால் யாரும் ஓட்டாண்டி ஆகப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் காசு வந்ததும் பேச்சு மாறும். பிப்ரவரியில் கடைசி இடத்தில் இருப்பவன் “என் காசு போச்சு” என்று ஒதுங்கிவிடுவான். காசு இல்லாதபோது அவன் சும்மா கலாய்ப்பதற்காகவாவது இருப்பான். அடுத்த வருஷம் 50 நூறாகும். யாராவது ஒருவர் மொத்தப் பணத்தையும் வைத்திருக்க வேண்டும், அவருக்கு அவசரச் செலவு வரும், நட்பு முறியும். கூட்டுச் சீட்டு பிடித்து ஏமாந்த ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

நம் குழுக்களில் மலாய் நண்பர்களும் இருக்கிறார்கள். சூது அவர்கள் மதத்தில் விலக்கப்பட்டது, ஷரியா சட்டத்தில் குற்றமும்கூட. காசு வைத்தால் முதலில் வெளியே போக வேண்டியவர்கள் அவர்கள். ஒரு பள்ளியில் படித்த நண்பனை 50 வெள்ளிக்காக வெளியே அனுப்புவதா? எங்கள் குழுவில் முதலிடத்துக்கு ஒரு சட்டை, கடையில் ஒட்டும் பட்டியலில் பெயர். இதுவரை யாரும் போதவில்லை என்றதில்லை.

இந்தியாவுல ஃபேன்டசி கிரிக்கெட்டுல கோடிக்கணக்குல ஜெயிச்சாங்களே? அது சூது இல்லைன்னு கோர்ட்டே சொல்லிச்சாமே?

சொன்னது. 2008-இல் ஹர்ஷ் ஜெயினும் பவித் ஷேத்தும் தொடங்கிய டிரீம் லெவன் என்ற ஃபேன்டசி நிறுவனம் தொடர்பான வழக்கில், 2017-இல் பஞ்சாப், ஹரியானா உயர்நீதிமன்றம் அதைத் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. அதன்பின் மளமளவென்று வளர்ந்தது. 2020 ஐ.பி.எல்.லுக்குப் பெயர் கொடுக்கும் அளவுக்கு, பிறகு இந்திய அணியின் சட்டை வரைக்கும் போனது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றையும், திறமையோ அதிர்ஷ்டமோ, தடை செய்தது. டிரீம் லெவன் காசுப் போட்டிகளை மூடியது, சட்டை விளம்பரமும் போனது.

திறமையா அதிர்ஷ்டமா என்பதை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அங்கே ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி. மூன்றரை மணி நேரத்தில் முடிவு, உடனே அடுத்த ஆட்டம், அடுத்த கட்டணம். மேலே அதிர்ஷ்டம் பற்றிச் சொன்னேனே, 38 வாரம் ஓடினால்தான் திறமை மேலே வரும் என்று. ஒரே ராத்திரியில் அதற்கு நேரமே இல்லை. எதிரே இருப்பதும் தெரிந்த நாற்பது பேர் இல்லை, முகம் தெரியாத இலட்சக்கணக்கானவர்கள். பெயர் ஃபேன்டசி, நடப்பது பந்தயத்தின் வேகத்தில்.

அப்படின்னா ஃபேன்டசியே பந்தயத்துக்கு வாசல்தானே? இன்னைக்கு சும்மா ஆடுறவன் நாளைக்குக் காசு கட்டமாட்டானா?

கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவில் நிறுவனங்கள் அப்படித்தான் செய்தன. 1980-இல் டேனியல் ஓக்ரன்ட் என்ற பத்திரிகையாளரும் நண்பர்களும் பேஸ்பாலில் தொடங்கிய ஃபேன்டசி, பருவம் முழுக்க ஓடும் ஆட்டம். 2006-இல் இணையச் சூதுக்கு எதிராகச் சட்டம் போட்டபோது ஃபேன்டசிக்கு விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்கின் நிழலில் 2009-இல் ஃபேன்டூயல், 2012-இல் டிராஃப்ட்கிங்ஸ் வந்தன. பருவத்தை ஒரு நாளாகச் சுருக்கி, நுழைவுக் கட்டணம் வைத்தன. 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத் தடையை நீக்கியதும், கையில் இருந்த வாடிக்கையாளர்களோடு அப்படியே பந்தயத்துக்குத் தாவின.

ஆக, வாசலாக்குவது காசும் வேகமும். அவை இரண்டும் இல்லாத ஆட்டத்தில் பையன்கள் நேராகப் பந்தயத்துக்குப் போவதை நான் பார்க்கவில்லை. பந்தயத்திலிருந்து இங்கே வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கண்காணிப்பேன். ஃபேன்டசியில் வாரம் ஒரு மாற்றம் இலவசம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி போகும். முந்தின வாரம் விட்டதைப் பிடிக்க 8, 12 என்று புள்ளியை வாரி இறைத்து மாற்றுபவன் ஒருவன் எல்லாக் குழுவிலும் இருப்பான். கடன் கணக்கைப் பற்றிச் சொன்னேனே, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 600-ஐ மொத்தமாகப் போடுபவன், அவனும் இவனும் ஒரே சுபாவம். இங்கே போவது புள்ளி மட்டும். அப்படிப்பட்ட தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன்.

ஃபேன்டசிக்கே அடிமையாக முடியாதா?

முடியும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து புள்ளி பார்ப்பவரைத் தெரியும். மனைவி பேசுவது காதில் விழாமல் அணி மாற்றுபவரையும் தெரியும். வீட்டில் சண்டை என்று தெரிந்தால் அந்தப் பருவம் விட்டுவிடச் சொல்வேன். கற்பனை அணி எங்கேயும் ஓடிப்போகாது.

அண்ணே, நான் ஏற்கெனவே ஆறாயிரம் கடன்ல இருக்கேன். ஃபேன்டசிக்கு மாறிட்டா பழக்கம் போயிடுமா?

ஃபேன்டசி மருந்து ஆகாது, தம்பி. சிலருக்கு ஆட்டம் பார்த்தாலே கை பரபரக்கும்; அப்படி இருந்தால் கொஞ்ச காலம் பந்தையே விட்டு விலகி இருங்கள், குழுவிலும் சேர வேண்டாம். முதலில் ஏஜெண்டு கணக்கை மூடச் சொல்லுங்கள், அவர் எண்ணைத் தடை செய்யுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது முழுத் தொகையைச் சொல்லுங்கள். பாதியை மறைத்துச் சொன்னவர்கள் மறைத்த பாதியை மீட்கத் திரும்பக் கட்டப் போயிருக்கிறார்கள்.

வங்கிக் கடன், கடன் அட்டை பாக்கி இருந்தால் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அமைப்பிடம் போகலாம். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கியது, ஆலோசனைக்குக் காசு வாங்கமாட்டார்கள், மாதத் தவணையைக் குறைத்து அமைத்துத் தருவார்கள். ஆலோங் கடன் அவர்கள் வேலையில் வராது. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவதே குற்றம், மிரட்டினால் போலீஸ் புகார் கொடுங்கள், தனியாகப் போக பயம் என்றால் நான் கூட வருகிறேன். ராத்திரி தாங்க முடியாமல் போனால், மனக் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கும் பிஃபிரெண்டர்ஸ் எண் 03-7627 2929, எந்நேரமும் எடுப்பார்கள்.

உங்க குழுவுல இருந்துக்கிட்டே ரகசியமா பந்தயம் கட்டுறவங்க இருந்தா நீக்கிடுவீங்களா?

மாட்டேன். குழுவுக்குள் பந்தய விலையைப் பகிர்ந்தாலோ, ஏஜெண்டு எண்ணைக் கொடுத்தாலோ அன்றே நீக்குவேன். அதில் பேச்சே இல்லை. தனியாகக் கட்டுபவனை நீக்கினால் அவனுக்கு மிச்சமிருப்பது ஏஜெண்டு மட்டும்தான். அவன் சனிக்கிழமை ஆறு மணிக்கு “யாரை கேப்டன் போடலாம்?” என்று கேட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் எனக்கு அவனோடு பேச ஒரு வழி இருக்கிறது.